மூச்சு விடாத அடித்தண்ணீர்

"மீன் தண்ணியில மூழ்கிச் சாகுமாக்கா?"

தம்பி இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கேட்டுவிட்டு அவனே முதலில் சிரித்தான். அவள் கணவரும் மைத்துனனுக்குத் துணையாகச் சிரித்தார். தம்பியின் மனைவி மட்டும் சிரிக்காமல், நாத்தனார் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடச்சுடப் பதில் சொல்லத் தெரிந்தவள் இல்லை நாத்தனார். யாராவது கிண்டல் செய்தால், அதற்கேற்ற பதில் மறுநாள் பாத்திரம் துலக்கும்போதுதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான். "ஆமாடா, மூச்சுக் காத்து இல்லாத தண்ணியில மீன் மூழ்கித்தான் சாகும்" என்று மறுநாள் காலையில் குழாயடியில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க வேண்டியவன் அப்போது கடலில் இருந்தான். குழாய் மட்டும்தான் கேட்டது.

ஊர்க் கரையை ஒட்டிய வளைகுடாவின் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கண்ணாடி பாட்டில்கள் அடுக்கிய மரப்பெட்டியோடு வாராவாரம் படகில் போய் வருவதால் துறைமுகத்தில் அவளுக்குப் பெயரே பாட்டிலக்கா. வேதியியல் படித்தவள். வேலையில் சுத்தம். பேச்சில்தான் கஞ்சத்தனம். கூட்டம் என்றால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள்.

தம்பி அவளுக்கு நேர் எதிர். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவன் குரல்தான் ஐந்தாவது ஆளாக முன்னால் வந்து நிற்கும். மோட்டார் பட்டறை வேலையை விட்டுவிட்டு வளைகுடாவில் மீன் கூண்டு போட்டவன். மிதக்கும் குழாய் வளையத்திலிருந்து பெரிய பைபோல வலை தொங்கும்; அதற்குள் குஞ்சுகளை விட்டுத் தீனி போட்டு வளர்ப்பார்கள். அவனைப் பார்த்து ஊரில் பலரும் கூண்டு போட்டார்கள். கூண்டுக்காரர்கள் சங்கத்துக்கு அவனே தலைவன். மீன்களைப் 'பிள்ளைங்க' என்றுதான் சொல்லுவான். தன் பிள்ளைகள் பசி என்று வாய் திறக்கக் கூடாது என்பதற்காக, அவை தின்னாமல் திரும்பிக்கொள்கிற வரைக்கும் தீனியைக் கொட்டுவான். மிஞ்சியது வலைக் கண்ணின் வழியே கீழே போகும். "போனா என்ன? கடல் பெரிசு, தாங்கும்" என்பான்.

அந்தக் கோடை மோசமாக இருந்தது. காற்றே இல்லை. மேல் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற விட்டதுபோல் இருந்தது. மீன்கள் சோர்ந்து, தீனியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சுற்றின. பிடிப்பதற்குச் சில வாரங்களே இருந்தன. அவனும் மனைவியும் அவ்வளவு காலம் பட்ட பாடெல்லாம் அந்த வலைகளுக்குள்தான் நீந்திக்கொண்டிருந்தது. அதனால் அவன் ஒரு யோசனை செய்தான். வலைக்கு மேலே மூடி வலை தைத்து, கனமான குண்டுகளைக் கட்டி, கூண்டுகளை அப்படியே குளிர்ந்த அடித்தண்ணீருக்கு இறக்கிவிடுவது. "மேல அடுப்பங்கரை மாதிரி இருக்கு. கீழ ஏசி ரூம். பிள்ளைங்களைக் கொஞ்ச நாள் ஏசி ரூம்ல படுக்க வைக்கப் போறேன்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமையாக அறிவித்தான். அப்போதுதான் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, கீழே மூச்சுக்குக் காற்று இல்லை என்று முணுமுணுத்தாள். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

கேள்வியைவிட அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் அவளைக் குத்தியது. "உங்க ஆபீஸ் வாசல்ல என்ன எழுதியிருக்கு? அந்த நம்பரை எழுதிக் கொடுக்கறது யாரு? நீதானே?"

அவள்தான்.

அலுவலக வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பச்சைப் பலகை உண்டு. அதில் இரண்டே எண்கள். மேலே ஆக்சிஜன், கீழே நைட்ரேட். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், 'நமது வளைகுடா நலமாக உள்ளது.' ஆக்சிஜன் கூடுதலாகவும் நைட்ரேட் குறைவாகவும் இருந்தால் நல்லது என்று ஊரில் எல்லாருக்கும் பாடம். டீக் குடிக்கப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். சில வருஷங்களாக நைட்ரேட் எண் இறங்கிக்கொண்டே வந்ததில் ஆய்வகத்து அதிகாரிக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்திருந்தது.

இரண்டு எண்ணும் பொய்யில்லை. அதுதான் அவளுடைய எரிச்சலே. பொய்யாக இருந்தால் 'பொய்' என்று சொல்லிவிடலாம்.

அந்த அலுவலகத்தின் விதி இதுதான்: ஆக்சிஜனுக்கு மேல் தண்ணீர், நைட்ரேட்டுக்கு அடித்தண்ணீர். ஊர்ச் சாக்கடைக் குழாயின் வாய் கடலின் அடியில் திறப்பதால், முன்னொரு காலத்தில் யாரோ புகார் கொடுத்து, நைட்ரேட்டை அடியில் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அதற்கென்று கயிற்றில் இறக்கி, அடித்தண்ணீர் நிறைந்ததும் மூடித் தூக்குகிற ஒரு குழாய் இருந்தது. ஆக்சிஜனுக்கு அப்படிப் புகார் எதுவும் வராததால், படகில் உட்கார்ந்தபடி கையை நீட்டி எட்டுகிற இடத்தில் பாட்டிலை முக்கி எடுப்பார்கள். அதுவும் உச்சி வெயிலில். அந்த நேரம் மேலே மிதக்கிற பாசி வெயிலில் ஆக்சிஜனை அள்ளி விட்டுக்கொண்டிருக்கும். எண் நன்றாக வராமல் என்ன செய்யும்? அவளும் எத்தனையோ காலம் அப்படியே முக்கி, அப்படியே எழுதி, அப்படியே கையெழுத்துப் போட்டவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில நாள் முன்னால், அடியிலிருந்து ஏறிய குழாயைத் திறந்தாள். குப்பென்று அழுகின முட்டை நாற்றம். படகுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய சாப்பாட்டு டப்பாவைச் சந்தேகத்தோடு பார்த்தார். "மேடம், இன்னிக்கு முட்டையா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அவளுக்குள் ஏதோ இடறியது. விதியில் இல்லாத ஒரு வேலையைச் செய்தாள். அந்த அடித்தண்ணீரையே குமிழி விழாமல் ஆக்சிஜன் பாட்டிலில் பிடித்து, ஆக்சிஜன் சோதனைக்கான இரண்டு மருந்துகளையும் விட்டாள். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால், மருந்து பட்டு அடியில் படிகிற மாவு டீத்தூள் மண்டிபோலப் பழுப்பாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளையாகவே நின்றது. மருந்து கெட்டுவிட்டதோ என்று மேல் தண்ணீரில் அதே மருந்தை விட்டுப் பார்த்தாள். பழுப்பு. மறுபடி அடித்தண்ணீர். வெள்ளை.

அப்போதுதான் நைட்ரேட் ஏன் குறைகிறது என்பதும் அவளுக்கு உறைத்தது. ஊர்ச் சாக்கடை, வயல்களிலிருந்து கரைந்து வருகிற யூரியா, கூண்டுகளில் மிஞ்சுகிற தீனி எல்லாம் சேர்ந்து கடலுக்கு நைட்ரஜனை அளவில்லாமல் ஊட்டுகின்றன. அதைத் தின்று பாசி பெருகுகிறது. பெருகியது செத்து அடியில் விழுகிறது. அதை மக்க வைக்கிற கிருமிகள் அங்கிருக்கிற ஆக்சிஜனை இழுத்துத் தீர்த்துவிடுகின்றன. சூடான மேல் தண்ணீர் மூடிபோல மிதப்பதால் மேலேயிருந்து புதுக் காற்று இறங்குவதில்லை. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு வேறு சில கிருமிகள் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிப் பிழைத்துக்கொண்டு, மிச்சத்தை வாயுவாக விட்டுவிடுகின்றன. அதுவும் தீர்ந்தால்தான் முட்டை நாற்றம். ஆக, பலகையில் நைட்ரேட் இறங்கியது கடல் சுத்தமானதால் இல்லை. கஷ்டத்துக்குப் பாத்திரம் பண்டமெல்லாம் விற்றுத் தின்றுவிட்ட வீட்டை எட்டிப் பார்த்து, 'அடடா, வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்' என்று மெச்சுகிற கதைதான்.

தம்பியின் யோசனையைக் கேட்ட பிறகு அதிகாரியிடம் போனாள். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவள் இழுத்து இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள், பழைய செய்தித்தாளின் ஓரத்தில் கடலை மூன்று அடுக்காக வரைந்து, எந்த அடுக்கில் எந்தக் கிருமி என்ன செய்யும் என்று அவளைவிட அழகாக விளக்கினார். அவருடைய படிப்பே அதில்தானாம். அந்தக் கிருமிகள் விடுகிற வாயுவில் கொஞ்சம் சிரிப்பு வாயுவும் உண்டு, அது வெளியே வந்தால் பூமியின் சூட்டையும் கூட்டும் என்றார். "பல் டாக்டர் குடுப்பாரே, அதே வாயுதான். கடல் நம்மளைப் பாத்துச் சிரிக்குது மேடம்" என்று சொல்லித் தானும் சிரித்தார்.

இவ்வளவு தெரிந்தவர் உடனே பலகையைக் கழற்றச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அடியில ஆக்சிஜன் பாக்கணும்னு விதி இல்லையே மேடம்."

"விதியை மாத்தச் சொல்லி எழுதலாமே சார்."

"எழுதலாம். எழுதினா, அப்போ நமக்குத் தெரியும்னு ஆயிடும். தெரியாத வரைக்கும் இது இயற்கை. தெரிஞ்சுட்டா நம்ம வேலை. சாக்கடைக்காரங்களோட யார் மல்லுக்கட்டறது? வயக்காரங்ககிட்ட யூரியாவைக் குறைன்னு யார் போய்ச் சொல்றது? உங்க தம்பிகிட்ட கூண்டைக் குறைன்னு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

கூண்டுகளை இறக்கப் போகிறார்கள், பலகையில் அந்த 'நலமாக உள்ளது' வரியையாவது அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். ஆய்வகத்தைப் பார்வையிடத் தலைமை அலுவலகக் குழு வரப் போகிறது, அது போகட்டும், பிறகு பார்க்கலாம், இப்போது சொன்னால் ஊர் பயந்துவிடும் என்றார். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அதிகாரி கேட்காவிட்டால் போகட்டும், தம்பிக்குக் கண்ணாலேயே காட்டிவிடலாம் என்று மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு கூண்டுகளை ஒட்டி அவன் கட்டியிருந்த மிதவைக்கே போனாள். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் குண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டிலக்கா தானாகத் தேடி வந்திருக்கிறாள் என்றதும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒரு பாட்டிலில் மேல் தண்ணீர். இன்னொன்றில் கூண்டு இறங்கப் போகிற ஆழத்துத் தண்ணீர். இரண்டிலும் ஒரே மருந்து. மூடி, குலுக்கி, மிதவைப் பலகையில் வைத்தாள். ஒன்று பழுப்பாகக் கலங்கியது. மற்றது பால்போல் வெள்ளையாகப் படிந்தது.

"பாத்தியா?" என்றாள்.

தம்பி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தேன். மேல இருக்கறது சாக்கடை மாதிரி இருக்கு. கீழ பால் மாதிரி. இதுக்குத்தான்டா கீழ இறக்கறோம்!"

மிதவையே ஆடும்படி எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் வெள்ளை பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வீட்டுக்குழாயில்கூட இவ்வளவு சுத்தமாக வருவதில்லை என்றான். அவள் பதறிப்போய், நிறத்தைப் பார்க்கக் கூடாது, அந்தப் பழுப்புதான் மூச்சு, அது இருந்தால்தான் உயிர் என்று சொல்லிப் பார்த்தாள். அவள் குரல் அந்தச் சிரிப்பை மீறி வரவில்லை. சோதனைக்கூடத்தில் இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அந்த மிதவையிலோ அது அவளுக்கு எதிரான சாட்சியாகவே போய்விட்டது.

தம்பியின் மனைவி மட்டும் தீனி மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "அண்ணி, கீழ அப்படிக் காத்து இல்லைன்னா, ஏன் பலகையில நலமா இருக்குன்னு எழுதறீங்க?"

ஒருத்தி உண்மையாகவே கேட்டுவிட்டாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. "நாங்க மேலதான் பாக்கறோம்" என்பது மட்டும்தான் அவள் வாயிலிருந்து வந்தது.

"அது சரி, மேல நல்லா இருந்தா கீழ மட்டும் கெட்டா போயிடும்? ஒரே கடல்தானே" என்றான் தம்பி. பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, அக்காவுக்கு வேலைச்சுமை அதிகம், ரெண்டு நாள் லீவு போட்டால் சரியாகிவிடும் என்றான். அதில் கேலி இல்லை. பாசம்தான். அது இன்னும் எரிந்தது.

மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் போனாள். சாக்பீஸால் பச்சைப் பலகையின் அடியில் எழுதினாள்: 'அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. கூண்டுகளை இறக்க வேண்டாம்.' உள்ளே போய் உட்கார்ந்தாள். டீ இடைவேளையில் எட்டிப் பார்த்தால் அவள் எழுதியது மட்டும் போய், பலகை பளபளவென்று இருந்தது. காவலாளி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "எந்தத் தறுதலையோ கிறுக்கிட்டுப் போயிருக்கு மேடம். கிடைச்சா கையை ஒடிச்சிருப்பேன்" என்றார். அந்தத் தறுதலை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

கூண்டுகள் இறங்கின.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகத் தம்பியின் மனைவி போன் செய்தாள். அண்ணி என்று ஒரு வார்த்தைதான் வந்தது, மிச்சமெல்லாம் மூச்சு. அக்கா போய்ச் சேர்ந்தபோது முதல் கூண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மூடி வலை தண்ணீரிலிருந்து வெளிப்பட்டதும் கயிறு இழுத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மீன்கள் எல்லாம் வலையின் மேல் பக்கமாகவே அடைந்து கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, வாயைத் திறந்தபடி, மூடி வலையின் கண்களில் மூக்கை நுழைத்தபடி. கடைசி வரைக்கும் மேலே வரத்தான் பார்த்திருக்கின்றன. எதிலும் ஒரு காயம் இல்லை. தம்பி இன்னொரு கூண்டை ஏற்றச் சொன்னான். அதுவும் அப்படியே. பக்கத்து மிதவைகளிலும் அப்படியே. அவனை நம்பி இறக்கியவர்கள் அவனைத் திட்டவில்லை; திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. தம்பியின் மனைவி ஒரு மீனைக் கையில் எடுத்து, அதன் வாயை மூடிவிடப் பார்த்தாள். அது மூடவில்லை.

இனியாவது பார்ப்பார்கள் என்று அக்கா நினைத்தாள். அவ்வளவு கொடுமைக்கு நடுவிலும் அப்படி ஒரு நினைப்பு. அது மதியம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

அதிகாரி வந்தார், மீனைப் புரட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், 'நோய்' என்றார். குஞ்சு வாங்கிய இடத்திலிருந்தே வந்த நோயாக இருக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாருக்கும் இடம் கிடைத்தது. சாக்கடையை விட்ட நகராட்சிக்கு நிம்மதி. வயல்காரர்களுக்கு நிம்மதி. பச்சைப் பலகைக்கு நிம்மதி. கூண்டுக்காரர்களும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தலைமை அலுவலகக் குழு வந்து விசாரிக்கும்போது சங்கத் தலைவன் எழுந்து 'நோய்தான்' என்று சொன்னால் விஷயம் முடிந்தது. புதுக் குஞ்சு விடலாம்.

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"நாளைக்கு நீ எதுவும் பேசாதேக்கா. பேசற பழக்கம் உனக்கு இல்லைதான். இருந்தாலும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அது நோயாடா?"

அவன் தெருவைப் பார்த்தான். "நோய்னா அடுத்த மாசம் குஞ்சு விடலாம். காத்து இல்லைன்னா கூண்டைப் பாதியாக்கச் சொல்லுவாங்க. தீனியை அளந்து போடச் சொல்லுவாங்க. தண்ணி சரியாகிற வரைக்கும் சும்மா உக்காருன்னு சொல்லுவாங்க. சங்கத்துல ஒவ்வொருத்தன் வீட்லயும் போய் நீ சொல்லுவியா?"

"அதே தண்ணியிலதானே விடப் போறே? அடுத்த குஞ்சும் சாகும்."

"இந்தத் தடவை இறக்க மாட்டேன்."

"இறக்காட்டி என்ன? ஒருநாள் காத்து மாறி அடிச்சா அடித்தண்ணி தானா மேல வரும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையும் சொன்னாள். "நீ கொட்டின தீனியில மிஞ்சினதெல்லாம் கீழதான்டா போச்சு. உன் கூண்டுக்கு அடியில சேறு தார் மாதிரி கறுப்பா இருக்கு."

அவன் குரல் ஏறியது. "ஊரே கொட்டுது. சாக்கடைக்காரனைக் கேட்டியா? வயக்காரனைக் கேட்டியா? உனக்கு இளிச்சவாயன் கூடப் பொறந்தவன்தானா?"

அவள் கணவர் உள்ளேயிருந்து எழுந்து வருவதற்குள் அவன் போய்விட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று பிரிக்க முடியாத கோபம்.

மறுநாள் அலுவலகக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. குழுத் தலைவர் ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, பொறுமையாக எல்லாரையும் பேசவிட்டார். அதிகாரி பச்சைப் பலகையின் எண்களைக் காட்டி, தண்ணீரில் குறையில்லை என்றார். ஒருவேளை தண்ணீரில் கொஞ்சம் கோளாறு இருந்தாலும், என்று நகராட்சிக்காரர் எழுந்து, அது வயல்களின் யூரியாவால்தான் இருக்கும் என்றார். வயல்காரர்களின் ஆள், எங்கள் யூரியா எங்கள் பயிருக்கே போதவில்லை, சாக்கடையைப் பாருங்கள் என்றார். சாக்கடையைவிடக் கூண்டுத் தீனிதான் மோசம் என்று பின்வரிசையில் ஒரு குரல். கூண்டுக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். யார் வீட்டுக் குப்பை யார் வாசலில் என்கிற சண்டை மாதிரி கூடம் இரைந்தது. அதிகாரி இரண்டு கைகளையும் தூக்கி, அதனால்தான் சொல்கிறேன், யார் மேலும் தவறில்லை, இது நோய் என்றார். சத்தம் உடனே அடங்கிவிட்டது.

"வேற யாராவது சொல்றதுக்கு இருக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

கதவோரத்து நாற்காலி கிறீச்சிட்டது. தான்தான் எழுந்திருக்கிறோம் என்பது நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முன்வரிசையில் தம்பியின் பிடரி விறைத்தது. அவன் திரும்பவில்லை.

"நான்தான் இங்க தண்ணி பாக்கறேன்" என்றாள். குரல் கம்மியது. சத்தமாகப் பேசச் சொன்னார்கள். "பலகையில இருக்கற நம்பர் நான் எழுதினது. ரெண்டும் நிஜம். ஆனா ஆக்சிஜனை மேல பாத்தோம், நைட்ரேட்டைக் கீழ பாத்தோம். கீழ ஆக்சிஜனே இல்லை. அதனாலதான் நைட்ரேட்டும் இல்லை. பாத்தேன். சார்கிட்ட சொன்னேன். சாருக்கும் தெரியும்."

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இது நோய் இல்லைங்க. மீன் மூச்சு முட்டிச் செத்துச்சு. யார் பண்ணினதுன்னு இப்ப எல்லாரும் சொன்னீங்க. எல்லாரும் சொன்னது சரிதான். அவங்கவங்க பேரை விட்டுட்டுச் சொன்னதுதான் தப்பு." கூடத்தில் யாரோ கனைத்தார்கள். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். "கடல் பெரிசு, தாங்கும்னு ஆளுக்குக் கொஞ்சம் கொட்டினோம். கடல்ல கொட்டினது எங்கயும் போறதில்லை. நம்ம கண்ணை விட்டுத்தான் போகுது. கண்ணுக்கு எட்டற தண்ணியை மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு பலகை எழுதி வெச்சோம். எழுதினதுல நானும் ஒருத்தி. எவன் அதிகமா கொட்டினான்னு சண்டை போட்டுட்டே இருந்தா ஒருத்தரும் நிறுத்த மாட்டோம். பக்கத்துல இருக்கறவன் நிறுத்தட்டும்னு காத்துட்டு இருக்காம, முதல்ல நம்ம கையை நாம நிறுத்தணும். இல்லைன்னா அடுத்த குஞ்சையும் சாகறதுக்குத்தான் விடறோம்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. நகராட்சிக்காரர் பக்கத்திலிருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் உதட்டைச் சுழித்தார். அதிகாரி எழுந்து, மேடம் பாவம், சொந்தத் தம்பிக்கே நஷ்டம், மனசு கலங்கிப் பேசுகிறார் என்று மிகவும் அனுதாபமாகச் சொன்னார். பலரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள். இவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை வாயைத் திறந்தால், அதையும் துணியை நனைத்துத் துடைத்துவிட்டார்களே என்று இருந்தது.

குழுத் தலைவரான அம்மாள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தார்.

"சங்கத் தலைவர் நீங்கதானே? மீன் உங்களோடது. நீங்க சொல்லுங்க. நோய்னு சொல்றாங்க. உங்க அக்கா இல்லைன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

தம்பி எழுந்தான். சங்கத்து ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் மனைவி அவனைப் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். அந்தக் கூடத்தில் அவன் குரல் வராமல் போனதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. "சும்மா சொல்லுப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அதிகாரி புன்னகையோடு பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தார்.

அவன் அதிகாரியைப் பார்த்தான். பிறகு கதவோரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். பின்னால் கிடந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒதுக்கினான். வரிசைகளுக்கு நடுவே, நீட்டிய கால்களைத் தாண்டித் தாண்டி வந்து, அவளைக் கடந்து, கதவைத் திறந்துகொண்டு, எல்லாரும் காத்திருந்த 'நோய்' என்கிற வார்த்தையைச் சொல்லாமலே வெளியே போய்விட்டான்.